நாலு புள்ளி ஆறு

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே போன வாரம் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. மேடவாக்கம் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிற ஊரில், மலையேறுகிற வண்டி. அதன் தலைமேல் கருகருவென்று ஓர் இரும்புக் கேரியர். மூன்றாவது மாடித் தம்பி வாங்கி மாட்டியிருக்கிறார். "ஆன்லைன்ல வந்துச்சு ஆன்ட்டி. ஒரே ஒரு ஸ்பேனர், இருபது நிமிஷம், முடிஞ்சுது" என்றார். இதில் என்ன ஏற்றப்போகிறீர்கள் தம்பி என்று கேட்டேன். "சும்மா, லுக்குக்குதான்" என்றார். எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம்! பின்னால் தண்ணீர் லாரிக்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பாவம், அவர்மேல் அதைக் கொட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தானே, உங்களிடம் சொன்னால் புரியும். நம் காலத்தில் எல்லாவற்றையும் நாமே செய்தோம் என்று இப்போது ஆளாளுக்குப் பெருமை பேசுகிறோம். வாட்ஸாப்பில் தினமும் ஒருவர் பேசுகிறார். என்னால் அந்தப் பெருமையில் சேர முடியவில்லை. ஒரு கேரியர் செய்கிறோம் பேர்வழி என்று இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து எனக்குச் செய்த காரியம் இன்னும் ஆறவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், அதுதான் எரிச்சலே. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.

அப்போது எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது. அப்பா கணக்கு வாத்தியார். நான் படித்த பள்ளியில்தான், நான் படித்த ஏழாம் வகுப்புக்கேதான். வீட்டு வாசலைத் தாண்டினால் அவர் அப்பா இல்லை, 'சார்'. இதில் கண்டிப்பு அதிகம். ஒருமுறை பள்ளி வராந்தாவில் மறந்துபோய் "அப்பா" என்று கூப்பிட்டதற்கு அவர் திரும்பியே பார்க்கவில்லை.

பெரியப்பா அடுத்த தெரு. ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம் கழித்துப்போட்ட பழைய ஜீப்பை ஏலத்தில் எடுக்கலாம் என்று அப்பாவுக்கு ஆசை காட்டியவர் அவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தார்கள். எடுத்தபோது அதற்கு ஒரு பக்கக் கதவு கிடையாது. மேலே துணிக்கூரைக்குப் பதில் யாரோ தகரக்கூரை போட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காக அந்தத் தகரத்தின் இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். உள்ளே ஏறினால் டீசல், ஈரச் சாக்கு, பழைய ஃபைல் மூன்றும் கலந்த வாசம் வரும். இடது பக்கம் திரும்பும்போது மட்டும் ஹாரன் தானாகவே அடிக்கும். அதற்கு வைத்தியம் பார்க்க யாராலும் முடியவில்லை. தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஜீப்பின்மேல் அப்படி ஒரு பிரியம்.

பிரியத்துக்குக் காரணம் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னியவள், சளி சிந்திவிட்டவள், ஒரே பாயில் ஒரே போர்வைக்குள் என்னைப் படுக்கவைத்துக் கதை சொன்னவள் எல்லாம் அவள்தான். அம்மா இருந்தாள், ஆனால் எனக்கு அக்காதான். அவள் நர்ஸ் படிப்பு முடித்து ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதமும் நான் தலையை நானே பின்னிக்கொண்டு பள்ளிக்கு ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் தொங்கியும் போனேன். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு கிடையாது. பஸ் போகும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடைதான், இல்லாவிட்டால் ஜீப்.

ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் நாமே ஜீப்பில் மலைக்குப் போய் அக்காவைப் பார்ப்பது என்று அக்டோபர் கடைசியில் முடிவானது. அக்காவின் பதில் இன்லண்ட் லெட்டரில் வந்தது. மடிக்கிற ஓரத்தில், பசை தடவும் இடத்தை ஒட்டி, எனக்கு மட்டும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். 'நீ கட்டாயம் வரணும். உனக்காக ஒரு நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். ஓடையில் குளிக்கலாம்.' அந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது அப்பா கிழித்ததில் 'குளிக்கலாம்' இரண்டு துண்டாகிவிட்டது. நான் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி வைத்துக்கொண்டேன்.

இடையில் சபையில் இதைக் கேள்விப்பட்டு, மலை ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு என்று போர்வையும் பழைய துணியும் பால்பவுடர் டின்னும் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் முன்னறையில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. ஜீப்பில் முன்னால் அப்பாவும் அம்மாவும். பின்னால் பெரியப்பாவும் பெரியம்மாவும். மிச்ச இடத்தில் மூட்டை. ஒருநாள் அப்பா ஒவ்வொரு மூட்டையாக உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இவ்வளவையும் மேல ஏத்திட்டா நீயும் வரலாம். கேரியர் இருந்தா நீ வர்ற. இல்லேன்னா எதிர்வீட்டு டீச்சர்கிட்ட இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அன்றிலிருந்து எனக்கு அரைப்பரீட்சை முக்கியமில்லை, புதுப் பாவாடை முக்கியமில்லை. கேரியர்தான்.

அப்பா எதையும் சும்மா செய்ய மாட்டார். முதலில் கிராஃப் தாளில் படம். பிறகு துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, நூல் கட்டி, பிஸ்கட் டின்னின்மேல் ஒரு மாதிரி கேரியர். ஆறு கால், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு கொக்கி, அந்தக் கொக்கிகள் தகரக்கூரையின் வாய்க்காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கூரையில் ஓட்டை போட வேண்டியதில்லை. இன்று அந்தத் தம்பி மாட்டியிருப்பதும் அதே மாதிரிதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு மூளை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரியப்பா விடுவாரா? ஏணி வேண்டும் என்றார். அப்பா படத்தை மாற்றினார். ஸ்டெப்னி டயரும் மேலே போகட்டும் என்றார். மாற்றினார். முன்னால் கொடி சொருக ஒரு குழாய் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எதற்குக் கொடி, யாருக்குக் கொடி? அதையும் வரைந்தார். நவம்பர் மழையில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து இரண்டு பேரும் அந்தத் தாளைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஏணியை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று வாதம் செய்தார்கள். நான் நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஏணியும் இல்லை, கொடியும் இல்லை, முதலில் வரைந்த படமேதான் என்றார்கள். அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

அளவெடுக்கும்போது டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்தவள் நான். ஸ்டூலில் ஏறி, வாய்க்காலின் வெளி விளிம்பில் சரியாக வைத்துப் பிடித்தேன். "ஒன்று புள்ளி நாலு பூஜ்யம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து அப்பா சொன்னார். மீட்டர். அப்பாவுக்கு மீட்டர்தான் எல்லாம். அடி, அங்குலம், நூல் என்று யாராவது பேசினால், நாடு மீட்டருக்கு மாறி எத்தனை வருஷம் ஆச்சு என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் வெல்டிங் பட்டறைக்காரருக்கு மீட்டர் சொன்னால் சங்கடமாக இருக்கும் என்று அவருக்கு ஒரு கரிசனம். "அவர் பாஷைக்கு நாமதான் இறங்கி வரணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து நீளமாக ஒரு வகுத்தல் போட்டு மீட்டரை அடியாக்கினார். கோடு போட்ட தாளில் தலைப்பிட்டு அழகான கையெழுத்தில் எழுதினார். அகலம் 4.6 அடி. நீளம் 5.9 அடி. கீழே கையெழுத்தும் தேதியும் வேறு.

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் விளக்குகிறேன், ஏனென்றால் அன்று யாரும் என்னை விளக்க விடவில்லை. நாலு புள்ளி ஆறு அடி என்றால் நாலடியும், ஓர் அடியில் பத்தில் ஆறு பங்கும். அதாவது நாலடி ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பட்டறையில், மரக்கடையில், கொத்தனாரிடத்தில் 4.6 என்று எழுதினால் அது நாலடி ஆறு அங்குலம். புள்ளிக்கு அந்தப் பக்கம் அடி, இந்தப் பக்கம் அங்குலம். இன்றைக்கும் அப்படித்தான், வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பருவத்தில்தான் நான் வகுப்பில் அதே தப்பைச் செய்து அப்பாவிடம், அதாவது சாரிடம், குட்டு வாங்கியிருந்தேன். நாலடி ஆறு அங்குலத்தைத் தசமத்தில் எழுது என்றதற்கு 4.6 என்று எழுதிவிட்டேன். "அடிக்குப் பத்து அங்குலமா? எந்த ஊர்ல?" என்று கேட்டு நடு மண்டையில் நங்கென்று ஒன்று. அந்த ஒரு கணக்கில் மட்டும் எனக்கு ஜென்மத்துக்கும் தப்பு வராது.

பட்டறை நான் பள்ளியிலிருந்து வரும் வழியில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரை முழுக்க இரும்புத் தூள், மழைத்தண்ணீரில் அது துருப்பிடித்துக் குங்குமக் கலரில் ஓடும். பட்டறைக்காரர் ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும், காதில் ஒரு சாக்பீஸ் துண்டு. தினமும் நாலரை மணிக்கு நான் அங்கே ஆஜர். முதல் வாரம் குழாய் வரவில்லை. இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் கரண்டு டல், வெல்டிங் பிடிக்காது.

"இன்னா பாப்பா, டெய்லி வந்துகினு கீற? கேரியர் உனுக்கா, உங்கப்பாவுக்கா?" என்று சிரிப்பார்.

எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"நெருப்பைப் பாக்காத. கண்ணு பூடும்" என்பார். நான் பார்ப்பேன். வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புகை தொண்டையில் இனிப்பாக இறங்கும். ஒருநாள் பார்த்த பார்வையில் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. அம்மா வெள்ளரிக்காயை வெட்டிக் கண்ணில் வைத்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது குழாயை வெட்டினார். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அருகில் '54' என்று எழுதியிருந்தார். நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். ஐம்பத்துநாலு அங்குலம் என்றால் நாலரை அடி.

"அண்ணா, இது தப்பு. ஐம்பத்தஞ்சுக்கு மேல வரணும்."

அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து அப்பாவின் தாளை எடுத்தார். அதை எண்ணெய் படாமல் ஒரு பாலிதீன் உறையில் போட்டு வைத்திருந்தார். "இங்க பாரு, உங்கப்பாரு தன் கையால எழுதிக் குட்த்துக்கீறாரு. நாலு ஆறு. நாலரை அடி. நீட்டு அஞ்சு ஒம்போது. அஞ்சே முக்கா. இதுல இன்னா தப்பு?"

"அது புள்ளிண்ணா. நாலு புள்ளி ஆறு. அங்குலம் இல்ல."

"புள்ளின்னா இன்னா? வெக்காமயா எழுதுவாங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாப்பா, அவுரு கணக்கு வாத்தியாரு. அவுரு போட்ட கணக்குல நான் கை வெக்கலாமா? அவுராண்ட போய், சார் உங்க கணக்கு சரியான்னு கேக்க முடியுமா? மரியாதியா இருக்குமா?" என்றார்.

ஓடினேன். பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் கயிறு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தேங்காய்நார்க் கயிறா நைலான் கயிறா என்று.

"அப்பா, அவர் தப்பா வெட்டறார்ப்பா."

"யாரு?"

"பட்டறைக்காரர். அளவு தப்பு."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவர் முப்பது வருஷமா இரும்பு வெட்டறவர். அவரா தப்பா வெட்டறார்? நீ அங்க போய் அவர்கிட்டயே சொன்னியா?"

"ஆமா."

"என்ன நினைப்பாரு அவர்? வாத்தியார் பொண்ணை விட்டு வேவு பாக்கறார்னு நினைக்க மாட்டாரு? தொழில் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு மரியாதை வேணாம்? இனிமே அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்."

"இல்லப்பா, நாலு புள்ளி ஆறு..."

"பரீட்சைல உன் கணக்கு மார்க் என்ன?" என்று பெரியப்பா கேட்டார். முப்பத்தெட்டு. அதோடு முடிந்தது பேச்சு.

சொல்லுங்கள், இதில் யாரை நோவது? இவர் மரியாதைக்காக அவரிடம் கேட்கவில்லை. அவர் மரியாதைக்காக இவரிடம் கேட்கவில்லை. இரண்டு பேரிடமும் போய்ச் சொன்ன ஒரே ஆளுக்கு முப்பத்தெட்டு மார்க். நான் அன்று உரக்கக் கத்தியிருக்கலாம். தரையில் புரண்டு அழுதிருக்கலாம். கடைசியில் நானே நினைத்துக்கொண்டேன், இரண்டு பெரியவர்களும் சரி என்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று. அது இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாடு முடிந்த நேரத்தில் கேரியர் மீன்பாடி என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் வந்து இறங்கியது. ரெட் ஆக்சைடு பெயின்ட் பூசி, வாசம் மூக்கைத் துளைத்தது. வேலை அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு ஒட்டும் அரம் போட்டுத் தேய்த்து வழவழவென்று இருந்தது. தெருவே கூடிவிட்டது. நாலு பேர் தூக்கி ஜீப்பின்மேல் வைத்தார்கள். இடப்பக்க மூன்று கொக்கியும் வாய்க்காலில் டக் டக் டக்கென்று உட்கார்ந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வலப்பக்கக் கொக்கி மூன்றும் தகரத்தின்மேலேயே நின்றன. வாய்க்காலுக்கு ஓர் அங்குலம் உள்ளே.

"இழுங்கப்பா, இழுத்தா வரும்" என்றார் பெரியப்பா. நாலு பேர் இழுத்தார்கள். இரும்பு நாலு பேர் இழுத்தால் நீளுமா? கூரைத் தகரம் கீறிக்கொண்டு கிறீச்சென்றது. அப்பா டேப்பைக் கொண்டு வந்து அளந்தார். திரும்ப அளந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமலிருக்குமா?

"நாலு புள்ளி ஆறுன்னு எழுதிக் கொடுத்தேனே" என்றார்.

பட்டறைக்காரர் பாலிதீன் உறையை எடுத்து நீட்டினார். "அதான் சார் போட்டுக்கீறேன். நாலு ஆறு. நாலரை."

"நாலரைன்னா நாலரைன்னு எழுத மாட்டேனா? புள்ளி வெச்சிருக்கேன்ல? உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

பட்டறைக்காரர் அந்தத் தாளை மறுபடி பார்த்தார். "படிச்சேன் சார்" என்றார்.

"அப்பா, நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு சைடும் துண்டு வெச்சு ஒட்டிடறேன் சார்" என்றார் பட்டறைக்காரர். "இப்ப கரண்டு டிம்மா கீது, ராடு புடிக்காது. காலைல பத்து மணிக்குள்ள கொண்டாந்து மாட்டிக் குட்த்துடறேன்."

"நாங்க அஞ்சு மணிக்குக் கிளம்பணும். எடுத்துட்டுப் போங்க."

ஐந்து மணி. எதற்கு ஐந்து மணி? பெரியப்பாவுக்கு வெயில் ஆகாது. ஐந்து மணி நேரம், வெறும் ஐந்து மணி நேரம் பொறுத்திருந்தால் நான் போயிருப்பேன். சபையின் மூட்டையில் ஒன்றை இறக்கியிருந்தாலும் போயிருப்பேன். கர்த்தருக்குக் கொடுத்ததை இறக்கக் கூடாது என்றார்கள். சரி, மூட்டையை விடுங்கள். பெரியப்பாவுக்கு முதுகுவலி என்று ஒரு மடக்குக் கட்டில் ஏறியது. நான் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த இடம் எனக்குப் போதும். என்னால் மறக்க முடியாதது அந்தக் கட்டில்தான். மறுநாள் விடியற்காலை எதிர்வீட்டு டீச்சரின் வாசலில் நின்று பார்த்தேன். ஜீப் தெருமுனையில் இடது பக்கம் திரும்பியது. ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பத்து மணிகூட ஆகவில்லை, ஒன்பதே முக்கால் இருக்கும். மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு பட்டறைக்காரர் வந்தார். பண்டிகைக்கு மறுநாள், அவர் பட்டறை திறக்கிற நாளே இல்லை. கேரியரின் இரண்டு பக்கமும் புதுத் துண்டு வைத்து ஒட்டி, அந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சிவப்புப் பூசியிருந்தது. இன்னும் காயவில்லை. பூட்டியிருந்த எங்கள் வீட்டைப் பார்த்தார். எதிர்வாசலில் இருந்த என்னைப் பார்த்தார்.

"வண்டி எங்க பாப்பா?"

"போயிடுச்சுண்ணா."

"நீ போவல?"

"எனக்கு இடமில்ல. கேரியர் இருந்தாதான் எனக்கு இடம்னு அப்பா சொன்னாரு."

அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஹாண்டில் பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மூட்டைக்குன்னு தான சொன்னாரு" என்றார். "ஆளு போறதுக்குன்னு யாருமே சொல்லலியே. சொல்லியிருந்தா நான் ராத்திரியே ரயில்வே காலனி பக்கம் எடுத்துகினு போயி ஒட்டியிருப்பேனே, அங்க கரண்டு நல்லா கீது. இன்னா பாப்பா நீயாச்சும் சொல்லக் கூடாதா? டெய்லி வந்தியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அழவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இறங்கிக் கேரியரை எங்கள் வீட்டு மதில்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அம்மா மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "ஜீப் நின்னதும் ஓடி வந்தா. எங்களைக் கூடப் பாக்கல, பின்னாடி போய்த் திரையைத் தூக்கிப் பாத்தா. கட்டிலைப் பாத்துட்டு, அவ எங்கேன்னு கேட்டா." அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை, எனக்காகச் சொல்லிவைத்த லீவு அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். அடுத்த வருஷம் அக்காவுக்கு வடக்கே வேலை, அங்கேயே கல்யாணம். பார்க்கிறோம், பேசுகிறோம், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் உண்டு. ஆனால் நான் அவளுடைய பிள்ளையாக இருந்த காலம் அந்த டிசம்பரோடு முடிந்தது. அவள் எனக்கு அப்புறம் தலை பின்னவேயில்லை.

கேரியர் பொருந்தியது. இம்மி பிசகாமல் பொருந்தியது. அப்பாவே மாட்டினார். ரொம்ப வருஷம் அந்த ஜீப்பின்மேல் இருந்தது. சபை பெஞ்சு, கல்யாணப் பாத்திரம், ஒருமுறை யாருடைய பீரோவோ, எல்லாம் ஏறியது. பார்த்தவர்கள் கேட்டால், "டிசைன் நம்மளுது" என்பார் அப்பா. பட்டறைக்காரரிடம் அவர் அதன்பிறகு போகவில்லை. கேம்ப் ரோட்டில் எதிரே வந்தால் அவர் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைப்பார், அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாள், முதல் வகுப்பே கணக்கு. சார் வந்தார். கரும்பலகையில் ஒரு ஜீப் வரைந்தார், அதன்மேல் கேரியர் வரைந்தார். பையன்கள் விசில் அடிக்காத குறை. பக்கத்தில் 4.6 அடி என்று எழுதினார்.

"இதை ஒரு பட்டறைக்காரர்கிட்ட எழுதிக் கொடுத்தேன். அவர் நாலடி ஆறு அங்குலம்னு வெட்டிட்டார். ஓர் அங்குலம் குறைஞ்சு போச்சு, கேரியர் உட்காரல. தசமப்புள்ளி தெரியலேன்னா என்ன ஆகும்னு பாத்தீங்களா? இப்ப சொல்லுங்க, யார் தப்பு?"

"பட்டறைக்காரர் தப்பு சார்!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் பார்த்துவிட்டார். இரண்டாவது பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"நீ எழுந்திரு. நீ சொல்லு. யார் தப்பு?"

எழுந்தேன். என்னிடம் எல்லாம் இருந்தது. பாலிதீன் உறைக்குள் இருந்த அந்தத் தாளை எழுதியது யார், அடி என்று போட்டுப் புள்ளி வைத்தது யார், நான் வந்து சொன்னபோது காலை ஒடிப்பேன் என்றது யார், ஐந்து மணி நேரம் பொறுக்காதது யார். ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் ஒருநாளும் என் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர், அன்று பார்த்தார். இப்போது யோசித்தால், என்னைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"பட்டறைக்காரர் தப்பு சார்" என்றேன்.

"வெரி குட். உட்கார்" என்றார்.

உட்கார்ந்தேன்.